‘போட்ட காசு இன்னுமா வரல?’ - சுங்கச்சாவடி ஒப்பந்தங்களுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

2025 ஜூலையில் தென்மாவட்ட மக்களை ஒரு செய்தி திகைக்க வைத்தது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய 4 சுங்கச்சாவடிகள் வழியாக அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் செலுத்தாமல் வைத்திருந்த சுங்கக் கட்டண பாக்கி. தொகை ரூ.276 கோடி. பேச்சுவார்த்தை மூலம் தீர்வு காண்பதாகத் தமிழக அரசு தரப்பில் சொல்லப்பட்ட பிறகு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பேருந்துகளும் வழக்கம்போல ஓடின.

ஆனால், பலருக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. சாலை அரசாங்கத்துடையது, பேருந்தும் அரசாங்கத்துடையது. அப்படியிருக்க, நடுவில் நீதிமன்றத்துக்குப் போன இந்த நிறுவனங்கள் யார்? நாம் பாஸ்டேகில் கட்டும் காசு உண்மையில் யாருக்குப் போகிறது? ‘போட்ட காசு இன்னுமா வரல?’ என்று டீக்கடையில் கேட்கிறார்களே, அதற்குப் பதில் என்ன?

சாலை யாருக்குச் சொந்தம்?

தேசிய நெடுஞ்சாலை எப்போதும் மத்திய அரசின் சொத்துதான். எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அது விற்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமையும் பராமரிக்கும் பொறுப்பும் மட்டுமே ஒப்பந்தத்தில் கொடுக்கப்படுகின்றன. மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவது போலத்தான். மரம் நில உரிமையாளருடையது, காய்ப்பு குத்தகைக்காரருடையது. மழை பொய்த்தால் யார் நஷ்டம், விளைச்சல் கொட்டினால் யார் லாபம் என்பதெல்லாம் குத்தகைச் சீட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

நெடுஞ்சாலைத் துறையில் அந்தக் குத்தகைச் சீட்டு 4 வகைகளில் வருகிறது.

1. கட்டி, நடத்தி, ஒப்படைக்கும் முறை (பி.ஓ.டி.): நிறுவனமே கடன் வாங்கிச் சாலை போடும். 20, 25 ஆண்டுகள் சுங்கம் வசூலித்துப் போட்ட முதலை எடுத்துக்கொண்டு சாலையைத் திருப்பிக் கொடுக்கும். வருமானம் கட்டுப்படியாகாத இடங்களில் திட்டச் செலவில் 40 சதவீதம் வரை அரசு மானியம் கொடுக்கும். வருமானம் கொழிக்கும் என்று தெரிந்த இடங்களில் நிறுவனமே அரசுக்கு ஆண்டுதோறும் ‘பிரீமியம்’ கட்டும்.

2. கலப்பு ஆண்டுத்தொகை முறை (ஹாம்): 2016இல் வந்தது. கட்டுமானத்தின்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதி 60 சதவீதத்தை நிறுவனம் திரட்டும். அதை அரசு 15 ஆண்டுகளில் வட்டியுடன் தவணையாகத் திருப்பித் தரும். சுங்கம் வசூலிப்பது நெடுஞ்சாலை ஆணையம். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனத்துக்குத் தவணை வந்துவிடும்.

3. சுங்கம் வசூலித்து, நடத்தி, ஒப்படைக்கும் முறை (டி.ஓ.டி.): அரசுப் பணத்தில் ஏற்கெனவே போட்ட சாலைகளைக் கட்டாகச் சேர்த்து ஏலம் விடுவார்கள். ஜெயிக்கிற நிறுவனம் மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டு 20 அல்லது 30 ஆண்டுகள் வசூலித்துக்கொள்ளும்.

4. உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளை (இன்விட்): பல சாலைகளின் வசூல் உரிமையை ஒரு அறக்கட்டளைக்கு மாற்றி, அதன் அலகுகளை முதலீட்டாளர்களுக்கு விற்பது. மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி, ஆனால் உள்ளே பங்குகளுக்குப் பதிலாகச் சாலைகள் இருக்கும்.

இவை போக, ஆணையமே நேரடியாக வசூலிக்கும் சாவடிகளும் உண்டு. அங்கே நிற்கும் ஏஜென்சி வெறும் வசூல் ஒப்பந்தக்காரர்தான். இரண்டையும் நாம் ஒன்றாகப் பார்க்கிறோம். ஆனால், பணம் போகும் பாதை வேறு வேறு.

பணம் கொட்டும் தொழிலா இது?

மும்பை - புனே விரைவுச்சாலை இதற்கு நல்ல உதாரணம். 2004இல் அந்தச் சாலையையும் அதையொட்டிய பழைய நெடுஞ்சாலையையும் 15 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமையை ஐ.ஆர்.பி. நிறுவனத்துக்கு மகாராஷ்டிர அரசின் சாலை மேம்பாட்டுக் கழகம் கொடுத்தது. விலை ரூ.918 கோடி. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக ரூ.61 கோடி. 2020இல் அதே சாலைக்கான உரிமை மீண்டும் ஏலத்துக்கு வந்தது. இந்த முறையும் அதே நிறுவனம்தான் எடுத்தது. சுமார் 10 ஆண்டுகளுக்குத் தவணைகளில் கட்ட ஒப்புக்கொண்ட தொகை ரூ.8,262 கோடி. ஆண்டுக்கு ரூ.800 கோடிக்கு மேல்.

இடையில் பணவீக்கம் இருக்கிறது, கட்டண உயர்வும் இருக்கிறது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் விஷயம் தெளிவு. வளரும் பொருளாதாரத்தில் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே ஓடும் சாலையின் மதிப்பு, அதைப் போட்டவர்களே நினைத்துப் பார்க்காத அளவுக்கு ஏறிவிடும். 2004இல் அரசுக்கு உடனடியாகப் பணம் தேவைப்பட்டது, கிடைத்தது. ஆனால், அந்த 15 ஆண்டு வளர்ச்சியின் பலன் பெரும்பாலும் யாரிடம் போனது என்பதை 2020 ஏலத் தொகையைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

அப்போ எல்லாருமே இதில் லாபம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால், அதுதான் இல்லை.

கையைச் சுட்டுக்கொண்டவர்கள்

2000-களின் பிற்பகுதியில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகம் அப்படியே தொடரும் என்று நம்பி நிறுவனங்கள் போட்டி போட்டு ஏலம் கேட்டன. ராஜஸ்தானின் கிஷன்கரிலிருந்து உதய்பூர் வழியாக அகமதாபாத் வரை செல்லும் 555 கி.மீ. சாலையை ஜி.எம்.ஆர். நிறுவனம் எடுத்தது. அரசுக்கு முதல் ஆண்டு மட்டும் ரூ.636 கோடி பிரீமியம், அதன்பின் ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடுதல் என்று ஒப்புக்கொண்டது. நிலம், சுற்றுச்சூழல் அனுமதி என்று இழுபறியானது. பொருளாதாரமும் மந்தமானது. 2013 ஜனவரியில் அந்தத் திட்டத்திலிருந்து நிறுவனம் விலகிக்கொண்டது. ஜி.வி.கே. உள்ளிட்ட வேறு நிறுவனங்களும் பின்வாங்கின. வங்கிகளின் வாராக்கடன் பட்டியலில் சாலைத் திட்டங்கள் இடம்பிடித்தது இந்தக் காலத்தில்தான். பி.ஓ.டி. முறை கிட்டத்தட்ட முடங்கிப்போய், வண்டி வரத்து பற்றிய கவலையை அரசே ஏற்கும் ஹாம் முறை பிறந்ததன் பின்னணி இதுதான்.

டி.ஓ.டி. ஏலங்களிலும் இதே ஏற்ற இறக்கம் தெரிகிறது. 2018இல் முதல் கட்டில் இருந்த 9 சாலைகளுக்கு ஆணையம் மதிப்பிட்டது ரூ.6,258 கோடி. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி ரூ.9,681 கோடிக்கு எடுத்தது. எல்லாரும் உற்சாகமானார்கள். அடுத்த கட்டுக்கு அடிப்படை விலை ரூ.5,362 கோடி என்று வைத்தார்கள். வந்த அதிகபட்ச ஏலத்தொகையோ ரூ.4,612 கோடி. அந்த ஏலமே ரத்தானது.

ஒரே நாடு, ஒரே மாதிரியான ஒப்பந்தம். சில மாதங்களில் எப்படி இவ்வளவு வித்தியாசம்? ஏலம் கேட்பவர் வாங்குவது சாலையை அல்ல, அடுத்த 30 ஆண்டு வண்டி வரத்தைப் பற்றிய ஒரு கணிப்பை. ஒவ்வொரு சாலைக்கும் அந்தக் கணிப்பு மாறும்.

2 சதவீதம், 5 சதவீதம்: வித்தியாசம் சின்னதுதானே?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 20 ஆண்டு உரிமைக்கு ரூ.1,000 கோடி கொடுக்கிறது. செலவெல்லாம் போக முதல் ஆண்டு ரூ.60 கோடி கையில் நிற்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுகிறது, வண்டிகளின் எண்ணிக்கை 5 சதவீதம் கூடுகிறது என்றால் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம் வளரும். 20 ஆண்டில் மொத்தம் ரூ.3,070 கோடி வரும். முதலீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத ஆதாயம்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். வண்டி வரத்து 5 சதவீதத்துக்குப் பதில் 2 சதவீதம்தான் வளர்கிறது. மொத்த வருமானம் ரூ.2,207 கோடியாகச் சுருங்கும். ஆதாயம் 7.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வங்கிக் கடனுக்கு 9 சதவீத வட்டி கட்டும் நிறுவனம் என்றால் கதை முடிந்தது. சாலையில் வண்டிகள் நிறைய ஓடிக்கொண்டே இருக்கும், சாவடியில் வரிசையும் நிற்கும். ஆனால் நிறுவனம் திவாலாகும்.

அந்த வரத்தை எது தீர்மானிக்கிறது? நாம் கார்களைப் பார்க்கிறோம். முதலீட்டாளர் லாரிகளைப் பார்க்கிறார். 2008 கட்டண விதிகளின்படி அடிப்படைக் கட்டணம் காருக்குக் கி.மீ.க்கு 65 பைசா. 4 முதல் 6 அச்சு கொண்ட கனரக வாகனத்துக்கு ரூ.3.45. ஒரு பெரிய டிரெய்லர் லாரி ஐந்து கார்களுக்குச் சமம். தொழிற்சாலைகள் ஓடினால், துறைமுகத்தில் சரக்கு இறங்கினால்தான் சுங்க வருமானம். பொருளாதாரம் சுணங்கினால் முதலில் நிற்பது லாரிதான். பக்கத்திலேயே புது விரைவுச்சாலை வந்தாலோ, சரக்குக்கென்று தனி ரயில் பாதை வந்தாலோ லாரிகள் அங்கே போய்விடும். அவற்றைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அதே அரசுதான்.

இந்த ஆபத்தைப் பங்கிட பி.ஓ.டி. மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட ஆண்டில் எதிர்பார்த்த வரத்து குறைந்தால், ஒவ்வொரு 1 சதவீதக் குறைவுக்கும் ஒப்பந்தக் காலம் 1.5 சதவீதம் நீளும். உச்சவரம்பு 20 சதவீதம். வரத்து கூடினால், ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 0.75 சதவீதம் குறையும். உச்சவரம்பு 10 சதவீதம். கவனியுங்கள்: நஷ்டத்துக்கு நீட்டிப்பு அதிகம், லாபத்துக்குக் குறைப்பு பாதிதான். முதலீட்டாளரை ஈர்க்க அரசு கொடுக்கும் சலுகை இது. ‘முடியவேண்டிய ஒப்பந்தம் ஏன் முடியல?’ என்ற கேள்விக்கு ஒரு பதிலும் இதில் இருக்கிறது. 2016 பணமதிப்பு நீக்கத்தின்போதும், 2020 பொதுமுடக்கத்தின்போதும் சுங்க வசூல் நிறுத்தப்பட்டது. பஞ்சாப், ஹரியானாவில் விவசாயிகள் போராட்டத்தால் ஓராண்டுக்கும் மேலாகப் பல சாவடிகள் முடங்கின. இப்படி இழந்த நாட்களுக்கு ஈடு கேட்கவும் ஒப்பந்தங்களில் இடம் உண்டு.

ஒப்பந்தம் மோசமாக எழுதப்பட்டால்?

டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலையின் கதை, எப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்பதற்குப் பாடம். 1997இல் போட்ட அந்த ஒப்பந்தம், திட்டச் செலவின் மீது நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயத்தை உறுதி செய்தது. ஒரு வருடம் அது வரவில்லை என்றால், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டு அந்தப் பெருத்த தொகைக்கு 20 சதவீதம். கந்துவட்டிக்கு வாங்கியவர் கதைதான். எவ்வளவு கட்டினாலும் அசல் குறையாது, ஏறிக்கொண்டே போகும். சாலை 2001இல் திறக்கப்பட்டது. 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தியது. நிறுவனம் போட்ட செலவையும் கணிசமான லாபத்தையும் ஏற்கெனவே எடுத்துவிட்டது என்று சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நேரெதிர்ச் சிக்கலும் உண்டு. 2008இல் திறக்கப்பட்ட டெல்லி - குருகிராம் விரைவுச்சாலையில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வண்டிகள் வந்தன. நிறுவனத்துக்கு யோகம் என்றுதானே நினைப்போம்? சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் நெரிசல். மக்கள் கொதித்தார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து 2014 பிப்ரவரியில் சிர்ஹோல் சாவடியே அகற்றப்பட்டது. வரத்து குறைந்தாலும் ஆபத்து, திட்டமிட்டதைத் தாண்டிக் கூடினாலும் ஆபத்து.

சரி, போட்ட காசு வந்த பிறகாவது நிறுத்துவார்களா?

இதற்குத்தான் எல்லாரும் பதில் தேடுகிறார்கள். அரசுப் பணத்தில் போட்ட சாலைகளில், முதலீடு மீண்ட பிறகு கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று 2008 விதிகளில் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று அப்போதுகூட இல்லை, குறைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. 2023 அக்டோபரில் விதி திருத்தப்பட்டது. அதன்பிறகு முழுக் கட்டணத்தையே தொடர்ந்து வசூலிக்கலாம். ஆண்டுதோறும் 3 சதவீதம், அதோடு மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம் என்று கட்டணம் ஏறும் முறையும் தொடரும். தமிழகத்தில் சில சாவடிகளில் ஏப்ரலிலும், மற்றவற்றில் செப்டம்பரிலும் வரும் உயர்வு இதுதான்.

அரசின் வாதம் என்ன? ஒரு சாலையில் வரும் பணம் அந்தச் சாலைக்கு மட்டுமானது அல்ல, புதிய சாலைகளுக்கும் பழைய கடனுக்கும் சேர்த்துத்தான் என்கிறார்கள். ஆணையத்தின் கடன் 2022 மார்ச்சில் ரூ.3.48 லட்சம் கோடியாக இருந்தது என்பதை நினைத்தால் அந்த வாதத்தின் பின்னணி புரியும். ஆனால் அப்படியென்றால் சுங்கம் என்பது ‘இந்தச் சாலைக்கான கட்டணம்’ என்ற நிலையிலிருந்து ஒரு நிரந்தர வரியாக மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். பெட்ரோல், டீசலிலும் சாலைக்கென்று தனியாக வரி பிடிக்கும் நாட்டில், இதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்ற விமர்சனம் நியாயமானது.

காசு வாங்குகிறீர்கள், சாலை எங்கே?

ஒப்பந்தத்தின் மறுபக்கம் பராமரிப்பு. கேரளத்தில் இடப்பள்ளி - மண்ணுத்தி நெடுஞ்சாலையின் மோசமான நிலையைக் காட்டி, பாலியேக்கரை சாவடியில் வசூலை 2025 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. ஆணையமும் நிறுவனமும் உச்ச நீதிமன்றம் போயும் தடை கிடைக்கவில்லை. 12 மணி நேரம் நெரிசலில் நின்றவர் எதற்காகக் கட்டணம் கட்ட வேண்டும் என்றே நீதிபதிகள் கேட்டார்கள். இது முதலீட்டாளர்களையும் யோசிக்க வைத்திருக்கிறது. பள்ளத்தை மூடாமல் மிச்சம் பிடிக்கும் பணத்தைவிட, நான்கு வாரம் வசூல் நின்றால் வரும் நஷ்டம் பெரிது.

வசூலிலும் ஓட்டை உண்டு. தென்மாநிலச் சுங்கச்சாவடிகளைப் பற்றிய 2023 சி.ஏ.ஜி. அறிக்கை, செங்கல்பட்டு அருகே உள்ள பரனூரில் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கடந்த வாகனங்களில் சுமார் 53 சதவீதம் கட்டணமில்லாமல் போனதாகக் கணக்கு காட்டப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. சென்னை - திருச்சி சாலையில் போகிறவர்களில் பாதிப் பேர் வி.ஐ.பி.யா? 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு ஒவ்வொரு வண்டியும் பதிவாகிறது. முன்பு வரத்து எவ்வளவு என்று அரசே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இருந்தது. சாலையின் உண்மையான வரத்து தெரியாமல் ஏலம் விட்டால் குறைந்த விலைக்குத்தான் போகும். அந்த வகையில் பாஸ்டேக் வெறும் வரிசையைக் குறைக்கும் கருவி மட்டுமல்ல.

சாதாரண ஆள் இதில் முதலீடு செய்யலாமா?

ஆணையத்தின் இன்விட் 2021இல் தொடங்கியபோது, கனடாவின் ஓய்வூதிய நிதியமும் ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியமும் தலா 25 சதவீத அலகுகளை வாங்கின. நம்மூர் லாரிக்காரர் கட்டும் காசில் ஒரு பங்கு கனடாவில் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பென்ஷனாகிறது. தவறொன்றுமில்லை. 20 ஆண்டு பொறுமை உள்ள பணம் அவர்களிடம்தான் இருந்தது. 2022 அக்டோபரில் அதே அறக்கட்டளை, ஆண்டுக்கு 8.05 சதவீத ஆதாயம் தரும் கடன்பத்திரங்களைச் சிறு முதலீட்டாளர்களுக்கும் விற்றது. ரூ.10,000 இருந்தால் போதும் என்றதால் சில மணி நேரத்திலேயே பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

ஆனால் கடன்பத்திரமும் இன்விட் அலகும் ஒன்றல்ல. கடன்பத்திரத்தில் வட்டி நிர்ணயிக்கப்பட்டது. அலகில் வருமானம் வண்டி வரத்தைப் பொறுத்தது. முக்கியமாக, சுங்க உரிமை கரைந்துகொண்டே போகும் சொத்து. ஒப்பந்தம் முடியும் நாளில் சாலை அரசுக்குத் திரும்பிவிடும், அறக்கட்டளையிடம் அந்தச் சாலைக்கான மதிப்பு பூஜ்யம். வருடா வருடம் வரும் தொகையில் ஒரு பகுதி லாபமல்ல, உங்கள் முதலே திரும்பி வருவது. ‘10 சதவீதம் தருதாம்’ என்று கேள்விப்பட்டு இறங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சாலைகளுக்கு எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது, ஒரே வழித்தடத்தை நம்பியிருக்கிறதா, தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

சாலைக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சுங்கம் கூடாது என்றால் வரியாக வரும், வரி கூடாது என்றால் கடனாக வரும். ஆகவே, சுங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, ஒப்பந்தம் நியாயமானதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திருமங்கலம் நகரை ஒட்டியுள்ள கப்பலூர் சாவடியை அகற்றக் கோரி பல ஆண்டுகளாகப் போராடும் உள்ளூர்வாசிகளிடமோ, பேருந்துக்குக் கட்டணம் கட்டத் திணறும் போக்குவரத்துக் கழகத்திடமோ ‘பொருளாதாரம் வளருது, அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்று சொல்லிவிட முடியாது.

குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு சாவடியிலும் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கலாம். இந்தச் சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, பராமரிப்புக்குப் போனது எவ்வளவு, வசூல் யாருக்குப் போகிறது, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, நீட்டிக்கப்பட்டிருந்தால் ஏன் என்ற ஆறு வரிகள் போதும். பாஸ்டேக் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் கணினியில் தயாராகவே இருக்கிறது. அதை மக்கள் கண்ணில் படும்படி வைக்காதவரை, ‘போட்ட காசு இன்னுமா வரல?’ என்ற கேள்வி ஒவ்வொரு கட்டண உயர்வின்போதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.